எல்மீர் வீட்டுக்கு வந்த கோணிமுகம்

மொன்றியாலிலிருந்து படக்காரர்கள் வந்து சேர்ந்தபோது முகமூடி நாள் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. பனிப்புயலில் விமானம் கிளம்பவில்லை என்றார்கள். மத்யூரன் தீவில் யாரும் அதை நம்பவில்லை. பட்டணத்துக்காரனுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது என்றே பேசிக்கொண்டார்கள்.

தவக்காலம் பாதி கழிந்து, உப்புமீன் எல்லோருக்கும் அலுத்துப்போகிற வாரத்தில் தீவுக்காரர்கள் முகத்தை மூடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். அதையும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே கேட்க வேண்டும். அப்படிப் பேசினால் பெற்றவளுக்கே குரல் பிடிபடாது. வீட்டுக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்ல வேண்டும். தப்பென்றால் முகமூடி இல்லை என்று தலையை ஆட்டும். சரியென்றால் முகத்தைக் காட்டி, உட்கார்ந்து, ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பெயர் சொல்லாமல் யாரையும் எந்த வீடும் வெளியே அனுப்பியதில்லை. அனுப்பினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

இயக்குநர் மார்ஸியால் குர்தோ முப்பதைத் தாண்டாத ஆள். தாடி, ஆட்டுத்தோல் கோட்டு, ஓயாத வாய். எல்மீரின் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, நடந்து முடிந்ததை மறுபடி நடத்திக் காட்டுங்கள் என்று கேட்டான்.

"புனித வாரத்துலயா?" என்றான் ரோஸேர். அவன் எல்மீரின் கொழுந்தன். "தம்பி, உங்க ஊர்ல கிறிஸ்துமஸ் மரத்த ஆகஸ்ட்ல வெக்கிறாங்களா?"

"சாமியார் சரின்னுட்டாரே."

"அவருக்கென்ன, கோவில் கூரை படத்துல வரும்னு சொல்லியிருப்பே. படத்துல வர்றதுன்னா அவரு சிலுவையையே கழட்டிக் குடுப்பாரு."

மார்ஸியாலுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். "அண்ணே, இத்தன வருஷமா சினிமாக் கொட்டகையில உங்கள மாதிரி பிரெஞ்சு பேசற ஒரு ஆள நீங்க பாத்திருக்கீங்களா? ஒண்ணு பாரிஸ்காரன் பேசுவான். இல்ல இங்கிலீஷ்காரன் வாயத் திறப்பான், உள்ளருந்து பாரிஸ்காரன் குரல் வரும். நம்ம ஜனங்க திரையில பேசினதே இல்ல. நாம இருக்கோம்னு நமக்கே யாரும் காட்டினதில்ல."

"நாங்க இருக்கறது எங்களுக்குத் தெரியும். குளிருது இல்ல?" என்றான் ரோஸேர். ஆனால் அந்தப் பேச்சு அவனுக்குள் இறங்கிவிட்டதை எல்மீர் கவனித்தாள். மறுநாளே அவன் பரணிலிருந்து பழைய துணி மூட்டையை இறக்கினான்.

எல்மீர் வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. தீவின் டெலிபோன் போர்டு அவள் சமையலறைச் சுவரில்தான் இருந்தது. யார் யாரோடு பேசவேண்டுமானாலும் அவள்தான் கம்பியைச் செருகிச் சேர்த்துவைக்க வேண்டும். தீவில் அவளுக்குத் தெரியாத தொண்டை கிடையாது. முகமூடி நாளில் எவன் என்ன கூத்தடித்தாலும் ஒரு நிமிஷத்தில் பெயர் சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக்கு வருவதென்றாலே முகமூடிகளுக்குக் கொஞ்சம் பயம்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவள் புருஷன் ஓவிலா போய்விட்டான். ஆற்றில் பனிக்கட்டிகளின்மேல் படகை இழுத்துக்கொண்டு தபால் மூட்டையோடு கரைக்குப் போனவர்கள், அவன் இல்லாமல் திரும்பிவந்தார்கள். இரண்டு கட்டிகளுக்கு நடுவே கால் வைத்தானாம். உடம்பு கிடைக்கவில்லை. பூசை வைத்தாயிற்று. கல்லறைக் கல் மட்டும் நடவில்லை. எல்மீர் விடவில்லை. அவன் உத்தமனொன்றும் இல்லை, குடிப்பான், சாப்பாட்டு மேசையில் தூங்கிவிடுவான். ஆனாலும் அடியில் ஆள் இல்லாத கல்லுக்குப் பூ வைக்க அவளால் முடியாது.

"அண்ணி, கல்லு பேரத் தாங்கத்தான், ஆளத் தாங்க இல்ல" என்பான் ரோஸேர்.

"அப்ப உன் பேரப் போட்டு நட்டுக்கோ" என்பாள்.

படம் எடுத்த அன்று விளக்குகளின் சூட்டில் சமையலறை வெந்தது. மூலையில் நோர்மான் என்ற ஒலிப்பதிவுக்காரன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். படப்பிடிப்பு தொடங்கும் முன் மார்ஸியால் அவளிடம் குனிந்து சொன்னான்.

"மேடம், யாரு பேரையும் சொல்லிடாதீங்க. பாத்துக்கிட்டே இருங்க, அது போதும். பேரச் சொன்னா விடுகதை அவுந்துபோயிடும். பாக்கறவன் மனசுல அது நிக்கணும்."

"பேர் சொல்லாம எப்படி அனுப்பறது?"

"கேமரா நின்னதும் சொல்லிக்கங்க."

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முகமூடிகள் வந்தன. மாட்டுக்கொம்பு வைத்தது ரோஸேர் என்று பூட்ஸ் சத்தத்திலேயே தெரிந்தது. சாமியார் வீட்டு வேலைக்காரி பாதிரி உடுப்பில் வந்தாள். நாக்கு நுனி வரை வந்த பெயர்களை எல்மீர் விழுங்கிக்கொண்டாள். வந்தவர்களும் பெயருக்காகக் காத்து நின்றுவிட்டு, ஏமாந்த மாதிரி வெளியே போனார்கள்.

கடைசியில் ஒன்று வந்தது. தார் பூசிய மழைக்கோட்டு, முகத்தில் மாவுக்கோணி. கோணியில் கண்ணுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள், வாய்க்குப் போடவில்லை. வாசற்படியில் நின்று கேட்டது.

"உள்ள வரலாமா?"

மூச்சு உள்ளே போகும் சத்தத்தோடு வந்த குரல். எல்மீர் காதைத் தீட்டிக்கொண்டாள். தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு குரல் தெரியவில்லை. அது உள்ளே வந்து, கையுறை மாட்டிய கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்துக்கொண்டு அவள் முன் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மார்ஸியால் மூச்சுக்கூட விடாமல் கேமராக்காரனின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு அது மெல்லத் திரும்பி வெளியே போயிற்று.

அதற்குப் பிறகு கோவில் கூடத்தில் எல்லோரும் முகமூடியைக் கழற்றிப் பட்டாணி சூப் குடித்தார்கள்.

"கோணிமுகத்துல வந்தது யாரு?" என்று கேட்டாள் எல்மீர்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படக்காரன் கூட்டிவந்த நடிகன் என்று தீவுக்காரர்கள் நினைத்திருந்தார்கள். தீவுக்காரன் என்று மார்ஸியால் நினைத்திருந்தான்.

"எவனோ வெக்கப்படறான். விடுங்க மேடம். அவன்தான் படத்துக்கே உயிரு" என்றான் மார்ஸியால்.

*

படம் இலையுதிர்காலத்தில் தயாராயிற்று. முதல் காட்சி கரையில், த்ருவா-பிஸ்தோல் ஊரின் கோவில் கூடத்தில், ஒரு ஞாயிறு மதியம். மார்ஸியால் அங்கிருந்தே போன் செய்து பெருமையாகச் சொன்னான்.

"மேடம், உங்க முகத்தப் பாத்துட்டு ஜனங்க அழறாங்க!"

"நான் ஒண்ணும் பண்ணலியே."

"அதத்தான் சொல்றேன்."

கம்பியைப் பிடுங்கிவிட்டு அவள் திரும்பினாள். நல்ல வெயில். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. வாசற்படியில் கோணிமுகம் நின்றது.

"உள்ள வரலாமா?"

அவள் வாயிலிருந்து "வா" என்று வந்துவிட்டது. பழக்கதோஷம். அது வந்து, அன்று நின்ற அதே பலகையில் நின்றது. வெங்காயம் கருகும்வரை நின்றது. திரும்பிப் போயிற்று. அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். வழியில் ரோஸேரின் வண்டி வந்துகொண்டிருந்தது.

"யாராச்சும் எதிர்ல வந்தாங்களா?"

"யாரு வருவா? என்ன அண்ணி, எதையோ தீய வெச்சுட்டீங்க, தெருவரைக்கும் நாறுது."

அடுத்து ரிமூஸ்கியில் போட்டார்கள். அன்றும் வந்தது. ஷிக்கூத்திமியில் போட்டபோது அவளுக்குத் தெரியாது. அது வந்து நின்று போன பிறகு கரை எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு விசாரித்தாள். எங்கோ ஒரு கூடத்தில் விளக்கை அணைத்துத் திரைமேல் வெளிச்சம் விழும்போதெல்லாம் அது அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. படத்தில் அந்தக் காட்சி ஓடும் நேரம் அளவுக்கு நின்றது. பெயருக்காக நின்றது.

அவள் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். தீவில் இருக்கிறவர்களில் தொடங்கினாள். கோணிமுகம் தலையாட்டியது. பிறகு ஆற்றில் போனவர்கள், அவளுக்குத் தெரிந்த அத்தனை பேரும், பெரியப்பா முதல் எதிர்வீட்டு இரட்டையர் வரை. எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. பொறுமையாக, வஞ்சம் எதுவும் இல்லாமல்.

ஒரு பெயரை மட்டும் அவள் சொல்லவில்லை.

உயரம் கிட்டத்தட்ட அவன் உயரம்தான். அவன் என்றால் முகத்தைக் காட்டுவான். ஆற்றுக்குள் இரண்டு வருஷம் கிடந்த முகம். அதன் எதிரே உட்கார்ந்து அவள் ஊற்றிக்கொடுக்க வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். தலையாட்டிவிட்டால்? அவன் எங்கேயும் இல்லை என்று ஆகிவிடும். கல்லை நட வேண்டியதுதான். ஆகையால் அது வரும்போதெல்லாம் அவள் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் கழுவினாள். ஒருமுறை அதன் காலடியிலேயே தரையைத் துடைத்தாள். பூட்ஸில் ஒரு பொட்டுப் பனியில்லை, ஈரமில்லை.

டிசம்பரில் நோர்மான் கூப்பிட்டான். அவன் மார்ஸியாலைப் போல் சளசளக்கிறவன் இல்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கோணிக்காரன் யாருன்னு தெரிஞ்சுதா?"

"ஏன் தம்பி?"

"டேப்ப மறுபடி கேட்டேன். மூச்ச இழுத்துக்கிட்டே பேசறவங்க பேசி முடிச்சதும் புஸ்ஸுன்னு விடுவாங்க இல்ல? எல்லாரோடதும் பதிவாயிருக்கு. இவன் இழுத்துட்டான். அப்பறம் விடவே இல்ல. வெளிய போறவரைக்கும் விடல."

எல்மீர் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். "மார்ஸியால்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மைக் சரியில்லன்னுட்டாரு."

அவள் மார்ஸியாலைக் கூப்பிட்டாள். அந்தக் காட்சியை வெட்டிவிடச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. சொன்னால் கிழவிக்குக் கிறுக்கு என்பான், அவளுக்கு நாற்பத்து மூன்று வயதுதான் என்றாலும்.

"அத வெட்டினா படம் எங்க மேடம் இருக்கு? பிப்ரவரியில டெலிவிஷன்ல போடறாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மொத்த ஜனமும் பாக்கப்போவுது. புரியுதா? ஒரே நேரத்துல, அத்தன பேரும்."

"புரியுது. உனக்குத்தான் புரியல" என்று கம்பியை உருவினாள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை தீவு மொத்தமும் ரோஸேர் வீட்டில் அடைந்துகிடந்தது. பெரிய டெலிவிஷன் அவனிடம்தான் இருந்தது. எல்மீரைக் கூப்பிட அவனே வந்தான். கோட்டுக்குள் டை கட்டியிருந்தான்.

"வாங்க அண்ணி. நீங்கதான் கதாநாயகி. உங்களுக்கு அடுப்போரம் நாற்காலி போட்டிருக்கு."

"போர்ட யாரு பாக்கறது?"

"இன்னிக்கு எவன் போன் பண்ணப்போறான்? எல்லாரும் இங்கதான இருக்கோம். எவனாச்சும் செத்தா நாளைக்குச் சொல்லட்டும்."

"நீ போ. டை உன் கழுத்த நெரிக்குது பாரு."

அவன் தயங்கினான். "அண்ணி, வசந்தத்துல கல்ல நட்டுரலாமா? மண்ணு இளகினதும்?"

"போன்னு சொன்னேன்."

அவன் போனான். எல்மீர் கதவைத் தாழிடவில்லை. தாழிட்டுப் பார்த்திருக்கிறாள், அது கதவுக்கு அந்தப் பக்கமே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு அது இன்னும் மோசம். அலமாரியிலிருந்து ஜின் பாட்டிலையும் ஒரு கிளாஸையும் எடுத்து மேசையில் வைத்தாள். போர்டின் முன் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டாள். ஒரு சத்தமில்லை. தீவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

படிப்பலகை முனகியது.

"உள்ள வரலாமா?"

"வா."

இந்தத் தடவை அது மேசைவரை வந்தது. கிளாஸைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்தது. கோணியின் நெசவு அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. மாவு மில்லின் நீல எழுத்து கழுவிக் கழுவி மங்கியிருந்தது.

இனித் தள்ளிப்போட ஒன்றுமில்லை. நாடு முழுக்க இந்நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகத்தை.

"ஓவிலா?" என்றாள்.

அது தலையாட்டியது.

எல்மீர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பசி மாதிரி ஏதோ ஒன்றுதான் வந்தது. "சரி. அப்ப இல்ல" என்று சத்தமாகச் சொன்னாள். "அப்ப நீ யாருடா? என் வீட்டுல உனக்கு என்ன வேல?"

போர்டில் அழைப்பைக் காட்டும் சிறு மூடி ஒன்று விழுந்தது. வெளியூர் லைன். செருகினாள். கரை எக்ஸ்சேஞ்சின் கில்பெர்த். இருபது வருஷமாகக் குரலில் மட்டும் பழகிய சிநேகிதி.

"எல்மீர், என்னடி நடக்குது அங்க? எனக்கு லைன் வெடிச்சுரும்போல இருக்கு. எல்லாரும் உன்னத்தான் கேக்கறாங்க."

"என்னையா?"

"படத்துல வர்ற பொம்பளயக் குடுன்னு. மொதல்ல ஒரு அம்மா, காஸ்பேலருந்து. தரட்டா?"

கிழட்டுக் குரல் ஒன்று வணக்கம்கூடச் சொல்லாமல் தொடங்கியது. "அம்மா, அது எங்க அப்பா. கோணி போட்டுக்கிட்டு நிக்கறது. அவரு அப்படித்தான் கையச் சேத்து வெச்சுக்கிட்டு நிப்பாரு. மீன் புடிக்கப் போனவரு. நீங்க ஏன் பேரு சொல்லல? ஃபிலியாஸ்னு சொல்லுங்க."

எல்மீர் பேச்சுக்குழலைக் கையால் மூடினாள். "ஃபிலியாஸ்?"

அது தலையாட்டியது.

"இல்லீங்கம்மா" என்றாள் எல்மீர். "அவரு இல்ல."

அந்தப் பக்கம் யாரும் அவளைக் கிறுக்கி என்று சொல்லவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள் அந்த அம்மா.

அடுத்து ஷெர்ப்ரூக்கிலிருந்து ஒருவர். போரில் நார்மண்டிக் கரையில் இறங்கியவன், திரும்பாத தம்பி. தலையாட்டியது. பிறகு ஒரு சிறுபெண், சுரங்கத்துக்குப் போன மாமா. தலையாட்டியது. அமெரிக்கப் பஞ்சாலைக்குப் போய் ஒரு கடிதமும் போடாத அண்ணன். தலையாட்டியது. போர்டின் மூடிகள் ஒன்றுமேல் ஒன்றாக விழுந்தபடி இருந்தன. மார்ஸியால் சொன்னது சரிதான், மொத்த ஜனமும் தன்னைத் திரையில் பார்த்துவிட்டது. வாயில்லாத ஒரு கோணியில் பார்த்தது.

"இன்னும் எத்தன பேருடி?" என்றாள் எல்மீர்.

"எண்ணறதுக்கு எனக்குப் பொழுதில்ல" என்றாள் கில்பெர்த். அவள் குரல் மாறியிருந்தது. "எல்மீர்... என் தங்கச்சிய நானும் கேக்கலாம்னு பாத்தேன். ஆம்பளதான அது?"

"தெரியல கில்பெர்த். கேக்கறேன். பேரு?"

"ஃப்ளோரிதா."

தலையாட்டியது.

"சரி, விடு. ருவான் ஊரு லைன்ல இருக்கு, தரேன்."

ருவானிலிருந்து பேசிய பெண்ணின் குரலில் பதற்றமே இல்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி பேசினாள்.

"என் மகன்னு நினைக்கிறேன். ஆத்துல மரம் மிதக்க விடற வேலைக்குப் போனான். கட்டைங்களுக்குக் கீழ போயிட்டான்னு சொன்னாங்க. ஆனா அவன் கூச்சக்காரன். ஒரு வீட்டுக்குப் போனா யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிடறவரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பான். லூடோவிக்."

எல்மீர் நிமிர்ந்து பார்த்தாள். "லூடோவிக்?"

தலை ஆடவில்லை.

கையுறைகள் நெஞ்சைவிட்டு எழுந்து கோணியின் ஓரத்தைப் பிடித்தன. எல்மீர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூட முடிந்திருந்தால் மூடியிருப்பாள். கோணி மேலே போயிற்று.

இருபது வயதுகூட இருக்காத பையன். முகம் சுத்தமாக இருந்தது. நெற்றியில் மட்டும் முடி ஒட்டிக்கிடந்தது. அவளுக்கு அவனைத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. வாழ்நாளில் அவன் ஒரு தீவைப் பார்த்திருக்கமாட்டான். பெயர் சொல்லாமல் ஆளை விடுகிற ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று எப்படியோ கேள்விப்பட்டு வந்தவன்.

"உக்காரு" என்றாள். அவன் உட்கார்ந்தான். ஓவிலா உட்காரும் நாற்காலி அது. அவள் கிளாஸில் ஊற்றி அவன்முன் நகர்த்தினாள்.  வழக்கப்படி செய்கிற வேலைதானே.

"அம்மா, இருக்கீங்களா?" என்றது காதில் குரல்.

"இருக்கேன்."

"அவன்தானா?"

"அவன்தான். குடிச்சுக்கிட்டிருக்கான்."

 அந்தப் பக்கம் பின்னணியில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. "அவன்கிட்ட குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

எல்மீர் சுவர் ரிசீவரை எடுத்து லைனை அதற்கு மாற்றி, மேசைக்குக் குறுக்கே நீட்டினாள். பையன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டான். அவன் பேசுவதை அவள் கேட்கவில்லை. மற்றவர்கள் பேச்சைக் கேட்காமலிருக்க இத்தனை வருஷத்தில் நன்றாகப் பழகியிருந்தாள்.

வசந்தத்தில் மண் இளகும். ரோஸேரிடம் கல்லுக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டும்.

வெளியே படிப்பலகை முனகியது. ஒரே ஆளின் எடை இல்லை அது. வாசலிலிருந்து வேலிவரைக்கும், அதற்கு அப்பாலும், பனியில் பூட்ஸுகள் வரிசையாக நெருங்கி நிற்கிற சத்தம். யாரும் யாரையும் இடித்துக்கொள்ளவில்லை. அவள் எழுந்துபோய்க் கதவை முழுக்கத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் விறகுக் கட்டை ஒன்றை அண்டக்கொடுத்தாள். முகங்களைப் பார்க்கவில்லை. அலமாரியில் எத்தனை கிளாஸ் இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

பிறகு போர்டின் முன் உட்கார்ந்து அடுத்த லைனைச் செருகினாள்.

"சொல்லுங்க" என்றாள். "பேரு என்ன?"